கறுப்புத் திரையில் ஏழு வட்டங்கள்

கைபேசியில் ‘தருமபுரி’ என்று தட்டி நண்பருக்கு அனுப்பினால் அது தருமபுரியாகவே போய்ச் சேருகிறது. அதே பெயரை, கணினி மொழி பயிலத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவர் தம் முதல் புரோகிராமில் எழுதி, கறுப்புத் திரையில் அச்சிடும்படி கட்டளையிட்டால், ஐந்து எழுத்துகள் வர வேண்டிய இடத்தில், கிரேக்கரின் ஆல்பாவும் பிரெஞ்சுக்காரரின் கோண மேற்கோள் குறியும் தலையில் அலைக்கோடு தாங்கிய ஸ்பானிய எழுத்துமாக மொத்தம் 24 குறிகள் அணிவகுத்து நிற்பதைக் காண நேரலாம். இன்னொரு கணினியில் அதே பெயர் எட்டுக் கேள்விக்குறிகளாக வரும்; மற்றொன்றில் காலிச் சதுரங்களாக வரும். எல்லாம் செம்மையாக அமைந்த வேறொரு கணினியிலோ பெயர் நல்ல தமிழிலேயே தோன்றும். ஆயினும் அதற்கு எதிரே ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டிய எண்கள் வரிக்கு வரி விலகித் தள்ளாடும்.

“தமிழ் சிக்கலான லிபி, பழைய கறுப்புத் திரைக்கு அது ஒத்துவராது” என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அந்தச் சமாதானம் நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். மேலே கூறிய நான்கு விபரீதங்களும் நான்கு வெவ்வேறு காரணங்களால் விளைபவை. ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னால் உள்ள அமைப்பில் எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைத் தடயம் பார்த்துச் சொல்லிவிடக் கூடியவை. அந்த அமைப்பைப் புரிந்துகொள்வதற்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை.

முதலில் அந்தத் திரை எது என்று சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் ‘கமாண்டு பிராம்ப்ட்’ என்றும், லினக்ஸில் ‘டெர்மினல்’ என்றும் வழங்குவதும், பொதுவாகக் ‘கன்சோல்’ எனப்படுவதுமான, படமோ பொத்தானோ இல்லாமல் எழுத்து மட்டுமே தோன்றும் சாளரம் அது. வங்கிகளிலும் ரயில்வே முன்பதிவு நிலையங்களிலும் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்கள் நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்தது இதன் மூதாதையைத்தான். செட்டிக்கரையில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியானாலும் வேறெந்தக் கல்லூரியானாலும், கணினி பயிலும் மாணவரின் முதல் புரோகிராம் பேசுவது பெரும்பாலும் இந்தத் திரையில்தான். இதைத் தமிழில் முனையத் திரை என்று அழைப்போம்.

புரோகிராம் திரையில் நேராக எழுதுவதில்லை என்பதே இங்கு அறிய வேண்டிய முதல் விஷயம். அது எழுதுவது நினைவகத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் ஓர் இடத்தில். அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத் திரையில் வரைவது வேறொரு சாதனத்தின் வேலை. எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் இடையில் இருப்பதால் அதனைத் திரை இடையகம் என்பர். ‘ஸ்கிரீன் பஃபர்’ என்று பொறியாளர் வழங்குவது இதனையே.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்தில் தக்காளி பயிரிடுவோர் நாற்றுப் பண்ணையில் வாங்கிவரும் கறுப்புக் குழித்தட்டைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த இடையகத்தின் லட்சணம் உடனே விளங்கிவிடும். தட்டில் வரிசை வரிசையாக, பொதுவாக 98 குழிகள் இருக்கும்; குழி ஒவ்வொன்றிலும் தென்னை நார்க் கழிவை நிரப்பி ஒரே ஒரு விதையை இடுவார்கள். “நான்காம் வரிசை, ஆறாம் குழி” என்று சொன்னால் போதும், எந்த நாற்று என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்தக் குழியிலுள்ளதைப் பிடுங்கி வேறொன்றை நட்டால் அண்டைக் குழிகளுக்கு ஒன்றும் நேராது. திரை இடையகமும் இத்தகையதொரு தட்டுத்தான். வரிசைக்கு 80 கட்டங்கள், 25 வரிசைகள், ஆக 2,000 கட்டங்கள் என்பது நெடுநாள் நிலைத்திருந்த அளவு. கட்டம் ஒன்றுக்கு ஓர் எழுத்து என்பதே அதன் முதல் நியதி.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை வெளியிட்டபோது அதனுடன் விற்ற ஒற்றை நிறத் திரை அட்டையில் இருந்த நினைவகம் 4 கிலோபைட் மாத்திரமே. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்: ஒன்றில் எந்த எழுத்து என்பதற்கான எண், மற்றொன்றில் அதன் கோலம், அதாவது பிரகாசமாகவா, அடிக்கோட்டுடனா, மினுக்கியபடியா என்ற விவரம். இரண்டாயிரம் கட்டங்களுக்கு 4,000 பைட்; நாலு கிலோபைட்டில் அடங்கிவிட்டது. அந்தத் திரையில் குறுக்கே 720, நெடுக்கே 350 ஒளிப்புள்ளிகள் இருந்தன. புள்ளி புள்ளியாக நினைவில் வைப்பதாயிருந்தால், கறுப்பா வெளிச்சமா என்ற ஒரே தகவலுக்கே 31,500 பைட் தேவைப்பட்டிருக்கும். நினைவகம் பொன்னுக்கு நிகராக விலை பெற்ற அந்நாளில், எழுத்தின் உருவத்தை அல்லாமல் எழுத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது என்ற இந்த யுக்தி எத்தனை பெரிய சிக்கனம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உருவங்கள் வேறொரு சில்லில், அழியாத நினைவில், 256 எழுத்துகளுக்கு ஒரே முறையாகச் செதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

வரைகிற சாதனம் இடையகத்தை ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு என்ன பிரமாணம்? அதே ஆண்டில் வந்த வண்ணத் திரை அட்டையில் தென்பட்ட ஒரு குறையே கண்கூடான சாட்சி. அந்த அட்டையின் நினைவகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் அணுக முடியும். திரையை வரையும் சுற்று அதனை வாசித்துக்கொண்டிருக்கும் அதே கணத்தில் புரோகிராமும் அங்கே எழுதப் புகுந்தால், வரையும் சுற்றுக்குச் சரியான எண் கிட்டாமல், திரையெங்கும் வெண்துகள்கள் தெறிக்கும். ‘பனி’ என்றே அக்காலத்துப் பொறியாளர் அதற்குப் பெயரிட்டார்கள். கவனமுள்ளவர்கள், ஒளிக்கற்றை ஒரு கோட்டை வரைந்து முடித்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்பும் நுண்ணிய இடைவேளைக்காகக் காத்திருந்து, அந்த நேரத்தில் எழுதினார்கள், பனி மறைந்தது. காத்திருந்தால் மறைகிறது, காத்திராவிட்டால் தெறிக்கிறது என்ற இந்த ஒரே சோதனை, வாசிப்பும் எழுத்தும் தனித்தனி வேலைகள் என்பதை ஐயந்திரிபற நிலைநாட்டிவிடுகிறது.

அந்த வண்ண அட்டையின் முதற் கட்டம் நினைவகத்தில் எந்த விலாசத்தில் இருக்கிறது என்பது பகிரங்கமான செய்தி. பதினாறின் அடுக்கில் எண்ணும் முறையில் பி8000 என்பது அதன் விலாசம். அங்கே 65 என்ற எண்ணையும் அதற்கு அடுத்த பைட்டில் 4 என்ற எண்ணையும் இட்டால், திரையின் இடது மேல் மூலையில் ஆங்கிலத்தின் முதல் பேரெழுத்துச் சிவப்பு நிறத்தில் உடனே முளைத்துவிடும். 4 என்பதை 2 ஆக்கினால் எழுத்து அசையாமல் நின்று பச்சையாக மாறும். அச்சிடுக என்ற கட்டளையே அங்கு இல்லை. எண்ணை வைத்ததுதான் காரியம். இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் இவ்வாறு நேராகக் கைவைக்க அனுமதி இல்லை. இன்ன வரிசையில் இன்ன கட்டத்தில் இன்னதை இடுக என்று இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது அதே தட்டின் வழிவந்ததுதான்.

வரிசைக்கு 80 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1928இல் ஐ.பி.எம். புழக்கத்துக்குக் கொண்டுவந்த துளையட்டையில் 80 பத்திகள் இருந்தன; அட்டையைப் பார்த்துப் பழகிய தொழில், திரைக்கும் அதே அகலத்தை வைத்துக்கொண்டது. 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் பரவிய விடி100 என்னும் முனையமும் 80 பத்தி அகலத்தையே கொண்டிருந்தது. ஓர் அமெரிக்க அலுவலக அட்டையின் அகலம், ஒரு நூற்றாண்டு நெருங்கும் இந்நாளிலும் நம் மாணவர்களின் சாளரத்தை அளந்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது. கட்டம் ஒன்றுக்கு ஓர் எழுத்து என்ற நியதியும் இத்தகைய ஒரு பழக்கமேயன்றி இயற்கை விதியன்று என்பதை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

தட்டு நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும், திரை மினுங்காமல் காட்சியை மாற்றுவது எப்படி என்பதற்கும் விடை எளிது. கடைசி வரிசைக்குக் கீழே எழுத வந்தால், எல்லா வரிசைகளும் ஒரு படி மேலே நகர்த்தப்பட்டு, முதல் வரிசை மறைகிறது. பின்னாளில் நினைவகம் மலிந்தபோது இடையகத்தையே ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு நீட்டி, கண்ணுக்குத் தெரியும் பகுதியை அதன்மேல் நகரும் சாளரமாக ஆக்கினார்கள். காட்சியை முழுதும் மாற்ற வேண்டுமானால், மறைவில் இரண்டாவது தட்டொன்றை நிரப்பி வைத்து, தயாரானதும் முன்னதை அகற்றி இதனை வைத்துவிடலாம். விண்டோஸ் கன்சோலில் ஒரே புரோகிராம் பல இடையகங்களைப் படைத்து, விரும்பியதைத் திரைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது.

இனி நம் ஊர்ப்பெயருக்கு வருவோம். இடையகத்தில் உள்ளவை எண்கள் என்றால், எந்த எண் எந்த எழுத்து என்பதில் புரோகிராமுக்கும் திரைக்கும் ஓர் உடன்பாடு வேண்டும். அதற்குக் குறியேற்றம் என்று பெயர். 1981ஆம் ஆண்டின் ஐ.பி.எம். கணினி கொண்டிருந்த 256 குறிகளின் பட்டியல், பிற்பாடு ‘437ஆம் குறிப்பக்கம்’ என்று அழைக்கப்பட்டது; பல கணினிகளின் முனையத் திரை இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கண்விழிக்கிறது. அதில் தமிழ் இல்லை. 1991இல் முதற் பதிப்புக் கண்ட யூனிக்கோடு, உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பட்டியல். அதில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. குறியெண்கள் எனப்படும் யூனிக்கோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளுள் மிகப் பரவலானது யுடிஎஃப்-8. அதன்படி தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. ‘தருமபுரி’யில் த, ர, உகரக் குறி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி என எட்டுக் குறியெண்கள், ஆகவே 24 பைட்டுகள். அந்த 24 பைட்டுகளையும் 437ஆம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தால் என்ன கிடைக்கும்? யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் எதுவாயினும் முதற் பைட் ஒன்றே. அந்தப் பக்கத்தில் அதற்கு ஆல்பா. இரண்டாவது பைட், இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் நோக்கிய கோண மேற்கோள் ஆகும். ‘த’வின் மூன்றாம் பைட்தான் அலைக்கோடு தாங்கிய ஸ்பானிய எழுத்து. ஆல்பா மூன்று குறிகளுக்கு ஒருமுறை தவறாமல் திரும்பி வருவதைக் கண்டால், உள்ளே இருப்பது பழுதற்ற தமிழ் என்றும், வாசிக்கிறவர் தவறான பக்கத்தைத் திறந்திருக்கிறார் என்றும் நிச்சயமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸில் குறிப்பக்கத்தை 65001 என்று மாற்றியமைத்தால் இந்த ஆல்பாக் கூட்டம் கலைந்துவிடும்.

கேள்விக்குறியின் கதை வேறு. இங்கே புரோகிராமே, திரையிடம் தமிழ் இல்லாத பக்கம் இருப்பதை அறிந்து, அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொரு குறியெண்ணையும் அந்தப் பக்கத்தின் எண்ணாக மொழிமாற்றம் செய்ய முயன்று, ஈடு கிடைக்காமல் கேள்விக்குறியை இட்டுவிடுகிறது. தமிழ் வழியிலேயே தொலைந்துபோயிற்று. காலிச் சதுரமோ இதற்கு நேர்மாறானது: எண் பத்திரமாக இடையகத்தை அடைந்துவிட்டது, வரைவதற்கான எழுத்துருவில் மட்டும் தமிழ் உருவங்கள் இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. திரையில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடு போன்ற வேறொரு சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். காலிச் சதுரங்கள் அங்கே ‘தருமபுரி’ என்று உயிர்பெற்று எழும். கேள்விக்குறிகள் கேள்விக்குறிகளாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடையகத்தில் என்ன இருந்தது என்பதை, எந்தக் கருவியும் இல்லாமல், இவ்வளவு நேராக நாம் அறிந்துவிட முடிகிறது.

இம்மூன்று கோளாறுகளும் தமிழுக்கு மாத்திரம் உரியவை அல்ல. ருஷ்யரும் கிரேக்கரும் இவற்றை அனுபவித்துக் கடந்தவர்களே. நான்காவது கோளாறுதான் ஆழமானது. அதனைக் காணத் தருமபுரி மாவட்டத்தின் ஏழு வட்டங்களின் பெயர்களே போதும்: தருமபுரி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண்ணை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எந்நீளமாயினும் 20 கட்டங்கள் நிறையும்வரை வெற்றிடம் சேர்த்து, அதன்பின் எண்ணை எழுதுவது புரோகிராம் எழுதுவோரின் சம்பிரதாயம். ஆங்கிலப் பெயர்களுக்கு இது பிசகாது.

தமிழில் என்ன நேர்கிறது? ‘தருமபுரி’யில் நாம் படிப்பது ஐந்து எழுத்து, கணினி எண்ணுவது எட்டுக் குறியெண். ‘அரூர்’ நமக்கு மூன்று, கணினிக்கு ஐந்து. ‘பாப்பிரெட்டிப்பட்டி’ நமக்குப் பத்து, கணினிக்குப் பத்தொன்பது. ஒரு குறியெண்ணுக்கு எத்தனை கட்டம் என்று தீர்மானிக்க முனையங்கள் ஓர் அட்டவணையை வைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மார்க்குஸ் கூன் எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று வெளியிட்ட சிறிய நிரல் இவ்வகையில் மிகப் பரவியது. அதன் நியதிப்படி, முந்திய எழுத்தின் தலைமேல் அமர்வதாக யூனிக்கோடு வகுத்திருக்கும் குறிகளுக்குக் கட்டமே கிடையாது. பக்கத்தில் இடம்பிடிப்பதாக வகுத்திருப்பவற்றுக்கு ஒரு கட்டம் உண்டு. தமிழில் மெய்யின் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகரம், உகரம், எகரம் முதலிய ஏனைய உயிர்க்குறிகள் இரண்டாம் வகை.

இதனால் விளையும் விசித்திரத்தைப் பாருங்கள். ‘தி’ இரண்டு கட்டம் கொள்ளும்; ‘தீ’ ஒரே கட்டத்தில் அடங்கும். அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலைக்கு ஆறு எழுத்து. சித்தேரிக்கு நான்கே எழுத்து. இந்தக் கணக்கின்படி இரண்டு ஊர்களுக்கும் ஏழேழு கட்டங்கள்! நம் ஏழு வட்டங்களின் பட்டியலிலோ இன்னும் நுட்பமான ஓர் ஒழுங்கு வெளிப்படுகிறது. வெற்றிடம் சேர்க்கும் புரோகிராம் குறியெண்களை எண்ணுகிறது, முனையமோ புள்ளிக்குக் கட்டம் தருவதில்லை. ஆகவே பெயரில் எத்தனை புள்ளிகள் உண்டோ அத்தனை கட்டங்கள் எதிரே உள்ள எண் இடப்பக்கம் நகர்ந்துவிடும். புள்ளியே இல்லாத தருமபுரியின் எண் தன் இடத்தில் நிற்கும். அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் ஒன்று, காரிமங்கலத்துக்கும் பென்னாகரத்துக்கும் இரண்டு, நல்லம்பள்ளிக்கு மூன்று, பாப்பிரெட்டிப்பட்டிக்கு நான்கு என்று விலகும். தாறுமாறு என்று தோன்றிய தள்ளாட்டம், மெய்யெழுத்துகளின் எண்ணிக்கையை அப்படியே வரைந்து காட்டும் படமாக இருக்கிறது. இவ்வளவு கண்டிப்பான ஒழுங்குடன் நிகழும் ஒன்றை மொழியின் சிக்கல் என்று எப்படிச் சொல்வது? எண்ணுகிற இருவர் வெவ்வேறு அலகுகளால் எண்ணுகிறார்கள் என்பதைத் தவிர இதில் வேறு மர்மம் இல்லை.

‘தொப்பூர்’ என்று எழுதிப் பார்த்தால் இதற்கும் மேற்பட்ட ஒரு சங்கடம் தெரியும். ‘தொ’வில் முதலில் ‘த’, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் எண்கள் வருகின்றன. ஒகரக் குறியின் கொம்பு ‘த’வுக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். ஆனால் ‘த’ தன் கட்டத்தில் ஏற்கெனவே நடப்பட்டுவிட்டது. கொம்பு நுழைய வேண்டிய இடம் கடந்துபோயிற்று. கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியே வரையும் பழைய முனையம், ‘த’வை வரைந்து, அடுத்த கட்டத்தில் ஒகரக் குறியை நடுவே ஒரு புள்ளி வட்டத்துடன் அநாதையாக நிறுத்திவிடும். தருமபுரி வட்டாரத்து நடுகற்களில் வட்டெழுத்தைப் பொறித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லில் கட்டம் கிடையாது.

கட்டத்தில் தமிழை அமைக்கும் முயற்சி கணினிக்கு முன்பே தொடங்கியது. தட்டச்சுப் பொறியும் ஒரு விசைக்கு ஓர் எழுத்தகலம் நகரும் யந்திரந்தானே! யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோது, தட்டினால் குறி பதியும், ஆனால் தாள் ஏந்திய வண்டி நகராது என்ற ஏற்பாட்டுடன் ‘நகரா விசை’களை அமைத்தார். கட்டம் கொள்ளாத குறி என்று இன்று முனையம் கருதும் அதே எண்ணம், அந்த இரும்பு விசையில் அன்றே உருப்பெற்றிருந்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தி.

கணினித் திரையில் இந்திய மொழிகளைக் கொண்டுவரக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சி, 1988இல் நிறுவப்பெற்ற புணே சி-டாக் நிறுவனத்தின் வாயிலாக ‘ஜிஸ்ட் அட்டை’யாகப் பரவியது. கணினியினுள் செருகப்படும் அந்த அட்டை, ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட டிபேஸ், வேர்ட்ஸ்டார் போன்ற எழுத்துமுறைப் புரோகிராம்களையே இந்திய லிபிகளில் இயங்க வைத்தது. அதற்கு ஆதாரமான ‘இஸ்கி’ குறியேற்றம் 1991இல் இந்தியத் தரமாயிற்று. யூனிக்கோட்டின் தமிழ்ப் பகுதியும் இஸ்கியின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பின் அடியொற்றியதே. இதற்கிடையில், உருவத்துக்கு ஓர் எண் என்ற வேறொரு வழியைத் தமிழ்நாடு பற்றியது. 1999இல் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்னும் குறியேற்றங்கள் அரசின் அங்கீகாரம் பெற்றன. அவற்றில் கொம்பு முதலில், ‘த’ அடுத்து, கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எண்கள் அமைந்தன. கட்டத் திரைக்கு அது இசைவானது, ஆனால் அகர வரிசைப்படுத்தவும் தேடவும் இடைஞ்சல் மிகுந்தது. 2010இல் தமிழ்நாட்டரசு யூனிக்கோட்டுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்16 முறையில், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அதில் சரியாகப் பத்தே எண்கள். எண்ணிக்கைச் சிக்கலை அது தீர்த்தது உண்மை. எனினும் உலகம் யூனிக்கோட்டின் பக்கம் போய்விட்டது.

நமக்கு முன்னே நின்ற ஜப்பானியரின் அனுபவத்தையும் இங்கே கருத வேண்டும். அவர்களுடைய காஞ்சி எழுத்து ஒரு கட்டத்தில் அடங்காது. 1990இல் ஐ.பி.எம். ஜப்பான் வெளியிட்ட டாஸ்/வி, தனி அட்டை எதுவும் இல்லாமல் மென்பொருளாலேயே காஞ்சியை வரைந்தது. ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம் என்ற உடன்பாடு உலகெங்கும் நிலைபெற்று, முனையங்களின் அட்டவணையிலும் ஏறிவிட்டது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற நியதி ஒருமுறை வளைந்திருக்கிறதென்றால், மறுபடியும் வளையும்.

அது வளைந்துகொண்டும் இருக்கிறது. படிக்கிறவர் ஓர் எழுத்தாக உணர்வதை, அதில் எத்தனை குறியெண்கள் இருந்தாலும், ஒரே அலகாகக் கொள்ளும் விதியை யூனிக்கோடு வகுத்திருக்கிறது. இந்த அலகை எழுத்துத் திரள் என்று தமிழில் சொல்லலாம். 2008இல் வந்த 5.1 பதிப்பு அந்த விதியை விரிவாக்கியபோது, ‘தொ’, ‘பூ’ போன்றவை முழுத் திரள்களாயின. ‘க்ஷ’ மட்டும் இன்றும் ‘க்’ என்றும் ‘ஷ’ என்றும் இரண்டாகவே பிரிக்கப்படுகிறது. 2019இல் மூலநிரலுடன் வெளிவந்த விண்டோஸ் டெர்மினல், 2024இல் முன்னோட்டமாக வந்த 1.22 பதிப்பில், கட்டங்களை இந்தத் திரள்களைக் கொண்டு கணக்கிடத் தொடங்கியது. ஒரு குழியில் ஒரு விதை என்றிருந்த தட்டில், ஒரு முழுச் செடியை அதன் கிளைகளுடன் வைக்க இடம் கிடைத்திருக்கிறது.

தம் முனையம் எந்த நியதியைப் பின்பற்றுகிறது என்பதை எவரும் தாமே சோதித்தறியலாம். விடி100 காலத்திலிருந்து முனையங்கள் சில மறைமொழிகளுக்குச் செவிசாய்க்கின்றன. ‘எஸ்கேப்’ எனப்படும் 27ஆம் எண்ணில் அவை தொடங்கும். வரியின் முதற் கட்டத்தில் ‘தருமபுரி’ என்று அச்சிட்டு, உடனே அந்த 27ஆம் எண், இடச் சதுர அடைப்பு, 6, ஆங்கிலச் சிற்றெழுத்து ‘என்’ ஆகிய நான்கையும் தொடர்ச்சியாக அனுப்பினால், “இடங்காட்டி, அதாவது அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் குறி, இப்போது எங்கே நிற்கிறது?” என்ற கேள்வியாக முனையம் அதனை ஏற்று, வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் விடையாகத் திருப்பி அனுப்பும். ஒன்பதாம் பத்தி என்று விடை வந்தால், எட்டுக் கட்டங்களைக் கொடுத்திருக்கிறது. ஆறாம் பத்தி என்றால், ஐந்து எழுத்துக்கு ஐந்து கட்டம் என்று திரளை அறிந்து எண்ணியிருக்கிறது. திரையில் வரைந்தது கண்ணை ஏமாற்றலாம்; இந்த விடை, முனையம் தன் கணக்கில் என்ன எழுதி வைத்திருக்கிறது என்பதன் வாக்குமூலம்.

அதுவரை பட்டியலை எப்படி நேராக்குவது என்று கேட்பீர்கள். வெற்றிடங்களை எண்ணிச் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். பெயரை அச்சிட்டபின், 27ஆம் எண், இடச் சதுர அடைப்பு, 21, ஆங்கிலப் பேரெழுத்து ‘ஜி’ ஆகியவற்றை அனுப்பினால், பெயர் எத்தனை கட்டம் கொண்டது என்ற ஆராய்ச்சி இல்லாமலே இடங்காட்டி நேரே 21ஆம் பத்திக்குப் போய் நிற்கும். எண்ணை அங்கே எழுதலாம். பாப்பிரெட்டிப்பட்டியின் பதினைந்து கட்டங்களும் அரூரின் நான்கு கட்டங்களும் அதற்கு ஒன்றே.

நம் மாவட்டத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மென்பொருள் துறைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முனையங்களை இயற்றுவோர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர்கள். அவர்கள் தமிழை வெறுப்பவர்கள் அல்லர், தமிழைக் கொண்டு சோதித்துப் பார்க்க அவர்களிடம் ஆளில்லை. இன்று பரவலாக உள்ள முனையங்களுட் பலவற்றின் மூலநிரல் பகிரங்கமாக இருக்கிறது. பிழையைத் தெரிவிக்க எவருக்கும் உரிமை உண்டு. “தமிழ் சரியாக வரவில்லை” என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. எந்தப் பதிப்பு, எந்தச் சொல், இடங்காட்டி எந்தப் பத்தியில் நிற்பதாக முனையம் விடை சொன்னது, எந்தப் பத்தியில் நின்றிருக்க வேண்டும் என்ற நான்கு விவரங்களையும் குறித்து எழுதுங்கள். சோதனைச் சொல் வேண்டுமானால் பாப்பிரெட்டிப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு புள்ளி, மூன்று இகரம், ஒரு கொம்பு, ஒரு கால் எல்லாம் அந்த ஒரே பெயரில் இருக்கின்றன.